தெருவில் இறங்கிய திருப்பாடுகள்

1731-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று, ஜெர்மனி தேசத்து லைப்ஸிக் நகரிலே, யோஹான் செபாஸ்டியன் பாக் என்னும் சங்கீத மேதை, மாற்கு எழுதிய சுவிசேஷத்தைத் தழுவி இயேசுநாதருடைய பாடுகளை இசையாக அமைத்து அரங்கேற்றினார். அதற்கென்று பிக்காண்டர் என்ற புனைபெயருடைய கவிஞர் எழுதிக்கொடுத்த சொற்கள் இன்றும் நம் கைக்குக் கிடைக்கின்றன. அந்தச் சொற்களுக்கு உயிராயிருந்த சங்கீதமோ காணாமற் போய்விட்டது. யோவானின் வரலாற்றுக்கு 1724-லும் மத்தேயுவின் வரலாற்றுக்கு 1727-லும் அவர் அமைத்த இரண்டு மகத்தான கிருதிகளும் மேலைநாட்டுச் சங்கீதத்தின் சிகரங்களாகப் போற்றப்பட்டு வர, சுவிசேஷகர் நால்வருள் சுருங்கச் சொன்னவரும், காலத்தால் முந்தியவர் என்று அறிஞர் பலரும் கருதுபவருமாகிய மாற்குக்கு உரிய இடம் மட்டும் வெறுமையாகவே நின்றுவிட்டது. ஏறத்தாழ 270 ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் வந்து நின்றவர் ஜெர்மானியரும் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினாவில் பிறந்த யூதர். ஓஸ்வால்டோ கோலிஹோவ் என்பது அவர் பெயர். ‘லா பாஸியோன் செகூன் சான் மார்க்கோஸ்’, அதாவது ‘புனித மாற்கு உரைத்தபடி திருப்பாடுகள்’ என்பது அவருடைய கிருதியின் பெயர்.

பாக் மறைந்து 250 ஆண்டுகள் நிறைந்தது 2000-ஆம் ஆண்டில். ஸ்டுட்கார்ட் நகரத்துச் சர்வதேச பாக் அகாடமியை நிறுவி நடத்திவந்த ஹெல்முட் ரில்லிங், பாக்கின் தேவாலய கான்டாட்டாக்கள் அனைத்தையும் 1985-க்குள் ஒலிப்பதிவு செய்து முடித்த பெருமையுடையவர். ஆகவே அந்த மேதையின் பழைய கிருதிகளையே மறுபடியும் சிறப்பாகப் பாடுவித்து ஞாபகார்த்த விழாவை நிறைவு செய்திருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ நான்கு சுவிசேஷங்களையும், வெவ்வேறு நிலத்தில் வேர்கொண்ட நான்கு சங்கீதகர்த்தாக்களிடம் பிரித்துக் கொடுத்து, அவரவர் மனத்துக்கு உகந்த மொழியில், அவரவர் பழகிய சங்கீதத்தில், திருப்பாடுகளைப் புதிதாக இயற்றித் தருமாறு கேட்டுக்கொண்டார். லூக்காவின் வரலாறு ஜெர்மானியராகிய வொல்ஃப்காங் ரீமுக்கும், யோவானின் வரலாறு ரஷ்யாவில் தாத்தாரிய வம்சத்தில் பிறந்த சோஃபியா குபைதுலினாவுக்கும், மத்தேயுவின் வரலாறு சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டான் டுன்னுக்கும் சென்றன. டான் டுன், சிலுவை வடிவில் வரிசையாக வைத்த 17 கண்ணாடிக் கிண்ணங்களின் தண்ணீரையே முக்கிய வாத்தியமாக்கிக் கொண்டார். குபைதுலினா, யோவானின் சுவிசேஷத்தோடு திருவெளிப்பாட்டின் பயங்கரமான தரிசனங்களை ஊடும்பாவுமாக நெய்தார். ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரிய விஷயம். நான்கினுள்ளும், தேவாலயத்தின் கதவுகளை அகலத் திறந்து, வெளியே நின்ற ஜனங்களை உள்ளே அழைத்துவந்தது மாற்கின் பங்குதான் என்பது என் அபிப்பிராயம். அதனால் இங்கே அதைப் பற்றியே எழுதத் துணிகிறேன்.

நம் கத்தோலிக்கக் கிராமங்களில் தவக்காலத்தில் நடக்கும் பாஸ்கா நாடகங்களைக் கண்டவர்களுக்கும், 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் தொண்டாற்றிய கோவாக் குருவாகிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் தமிழில் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைப் பெரிய வெள்ளியன்று இராகத்தோடு வாசிக்கக் கேட்டவர்களுக்கும், இந்த இசைவகையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இயேசு தம் சீடர்களோடு உண்ட கடைசி இராப்போஜனம் தொடங்கி, தோட்டத்தில் அவர் பட்ட மனவேதனை, காட்டிக்கொடுத்தல், விசாரணை, சிலுவை மரணம் என்று முடியும் வரலாற்றைச் சுவிசேஷ வாசகம் மாறாமல் பாடுவது அதன் ஆதாரம். பாக்கின் அமைப்பில் சுவிசேஷகராக ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். இயேசுவுக்கென்று ஆழ்ந்த குரலுடைய ஒருவர் இருப்பார். ஜனக்கூட்டத்தின் கூக்குரலைப் பாடகர் குழு பாடும். இடையிடையே கதையை நிறுத்தி, கேட்கிற ஆத்மா தன்னுள் உருகிப் பாடும் தனிப்பாட்டுகள் வரும். நாடகமும் பிரசங்கமும் பிரார்த்தனையும் ஒன்றாய்க் கலந்த அற்புதமான அமைப்பு அது.

ஆனால் அந்த அமைப்பின் நடுவே ஒரு கறை இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கோலிஹோவின் கிருதியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. இயேசுவின் இரத்தப்பழி தங்கள்மீதும் தங்கள் பிள்ளைகள்மீதும் இருக்கட்டும் என்று எருசலேமின் கூட்டம் சொன்னதாக மத்தேயு எழுதிய வாக்கியத்தை வைத்துக்கொண்டு, யூத ஜாதி முழுவதையும் தலைமுறை தலைமுறையாகக் கொலைகாரர்களாகவே ஐரோப்பாவின் பிரசங்க மேடைகள் சித்திரித்து வந்தன. 1215-ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம், ஈஸ்டருக்கு முந்திய நாட்களில் யூதர் வீதியில் தலைகாட்டலாகாது என்றே விதி செய்தது. பாடுகளின் கதை உருக்கமாகச் சொல்லப்பட்ட புனித வாரத்தில் யூதர் வீடுகளின் கதவுகள் உள்ளே தாழிடப்பட்டிருந்தன. தாழிட்டும் தப்பாதவர்கள் பலர். அந்தப் பழியை யூத ஜாதியின்மேல் சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வாயிலாக அறிவித்தது 1965-ஆம் ஆண்டில்தான். பாக்கின் மத்தேயு கிருதி மறக்கப்பட்டுக் கிடந்த காலத்தில், 1829-ல் பெர்லினில் அதை மீண்டும் அரங்கேற்றி உலகத்துக்கு மீட்டுக்கொடுத்த இளைஞர் ஃபெலிக்ஸ் மெண்டல்ஸோன், மோசஸ் மெண்டல்ஸோன் என்ற யூத தத்துவ ஞானியின் பேரர் என்பதையும், அவர் ஏழாம் வயதிலேயே ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டவர் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. யூதக் குலத்தில் பிறந்தவர் பாடுகளின் சங்கீதத்தைத் தொடுவதானால் அக்காலத்தில் வழி பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. கோலிஹோவோ தம் குலத்தையும் விட்டுக்கொடுக்காமல், தமக்குரியதல்லாத சுவிசேஷத்தையும் சுருக்காமல், இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

அவர் 1960-ல், புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தின் தலைநகராகிய லா பிளாட்டாவில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். தாயார் பியானோ ஆசிரியை, தந்தையார் வைத்தியர். வீட்டில் மேலைநாட்டு சாஸ்திரீய சங்கீதமும், யூதக் கோயிலின் ஜெபப் பாட்டும், யூதக் கலியாணங்களில் வாசிக்கும் க்லெஸ்மர் இசையும், வீதியில் ஆஸ்டர் பியாஸோலாவின் புதுவகை டாங்கோவும் கேட்டு வளர்ந்தவர். சுற்றிலும் இருந்த ஊர் கத்தோலிக்க ஊர். 1976 முதல் 1983 வரை அந்த தேசத்தை ஆண்ட இராணுவ ஆட்சியில் பல்லாயிரவர் வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போனார்கள். அவருடைய இளமைக் காலம் அதுவே. 1983-ல் எருசலேமுக்குச் சென்று படித்தார். 1986-ல் அமெரிக்காவை அடைந்து, பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் சங்கீதகர்த்தா ஜார்ஜ் கிரம்பிடம் பயின்றார். 1991 முதல் மாஸச்சூஸெட்ஸில், இயேசு சபைக் குருமார் நிறுவிய ‘திருச்சிலுவைக் கல்லூரி’யில் ஆசிரியராயிருந்து வருகிறார். சிலுவையின் பெயர் தாங்கிய கல்லூரியில் சங்கீதம் போதித்துக்கொண்டிருந்த அந்த யூதரிடந்தான், பாக்கின் தேசத்திலிருந்து அழைப்பு வந்து சேர்ந்தது.

அவர் எழுதிய திருப்பாடுகள் லத்தீன் அமெரிக்காவின் திருப்பாடுகள். அந்த நிலத்துக்குச் சிலுவை வந்த விதம் யாவரும் அறிந்ததே. ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் ஒரு கையில் வாளும் மறு கையில் சிலுவையுமாகக் கரையிறங்கினார்கள். அந்த நிலத்துப் பழங்குடிகள் பெருமளவில் அழிந்தார்கள். கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைப்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886-ல், பிரேசிலில் 1888-ல். கொடுமை செய்த எஜமானர்களின் கடவுளாகவே இயேசுவை அந்த அடிமைகள் முதலில் அறிந்தார்கள் என்றாலும், காலப்போக்கில், கட்டப்பட்டு, அடிக்கப்பட்டு, துப்பப்பட்டு, நிர்வாணமாக்கப்பட்டு மாண்ட ஒருவரின் கதை யாருடைய கதை என்பதை எஜமானர்களைவிட அவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தங்கள் பழைய தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களின் உருவங்களுக்குப் பின்னே ஒளித்துவைத்து வழிபட்டதும், புனிதர்களையே தங்கள் தெய்வங்களாக ஏற்றுக்கொண்டதும் அந்தப் புரிதலின் இரு பக்கங்கள். கோலிஹோவின் கிருதியில் முன்னே வந்து நிற்கும் ஜனங்கள் இவர்களே. சிலுவையைக் கையில் பிடித்து நடத்தியவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்த கதையை, அது யாருடைய முதுகில் ஏற்றப்பட்டதோ அவர்களுடைய வாயால் பாடக் கேட்கிறோம்.

ஆகவே வாத்தியங்களும் அவர்களுடைய வாத்தியங்களாகவே அமைந்துவிட்டன. தந்தி வாத்தியங்கள் உண்டு, ட்ரம்பெட், ட்ராம்போன் உண்டு, பியானோவும் கிட்டாரும் அக்கார்டியனும் உண்டு. ஆனால் கிருதியைத் தாங்கி நடத்துவது தாள வாத்தியங்களின் பெருங்கூட்டம். பெரிம்பாவ் என்ற பிரேசில் வாத்தியம் ஒன்று அதில் வருகிறது. வில்லாக வளைத்த மரக்கழி ஒன்று, அதில் இழுத்துக் கட்டிய கம்பி ஒன்று, அடிப்பக்கத்தில் வாய் திறந்த சுரைக்குடுவை ஒன்று, வேறெதுவும் இல்லை. வாசிப்பவன் வலக்கையில் மெல்லிய குச்சியையும் விதைகள் நிறைந்த சிறு பிரம்புக் கிலுக்கையும் சேர்த்துப் பிடித்துக் கம்பியைத் தட்டுகிறான். இடக்கையால் வில்லைத் தாங்கிக்கொண்டே, அதே கையிலுள்ள காசையோ கல்லையோ கம்பியின்மேல் அழுத்தி ஸ்வரத்தை ஏற்றுகிறான். சுரைக்குடுவையின் வாயைத் தன் வயிற்றோடு ஒட்டியும் விலக்கியும் நாதத்தை மூடித் திறக்கிறான். வயிறே வாத்தியத்தின் ஓர் அங்கமாகிவிடுகிறது. அடிமைகளிடையே பிறந்த கப்போய்ரா என்னும் போர்நடனத்துக்கு உயிரான வாத்தியம் இது. அந்த நடனத்தை 1890-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின்கீழ்க் குற்றமென்று பிரேசில் அரசாங்கம் தண்டித்தது. கோலிஹோவ் அந்த நடனக்காரனையும் வாத்தியத்தையும் திருப்பாடுகளின் மேடைக்கே அழைத்து வந்தார்.

மற்றொன்று கியூபாவின் பாத்தா முரசு. நம்முடைய மத்தளத்தை மடியில் குறுக்கே கிடத்தினாற்போல வைத்து, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமான இரண்டு முகங்களையும் இரண்டு கைகளாலும் தட்டுகிறார்கள். மூன்று முரசுகள் சேர்ந்தே ஒலிக்க வேண்டும். அவற்றுள் பெரியதற்குத் ‘தாய்’ என்று பெயர். இந்த முரசை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த யோருபா மக்களின் மொழியில் குரலின் ஏற்றத்தாழ்வு மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும் ஆதலால், அந்த ஏற்றத்தாழ்வைப் பின்பற்றும் முரசுகள் உண்மையாகவே பேசுகின்றன என்று சொல்வது மிகையாகாது. தலைமுறைக் கணக்காக மறைவிலேயே வழிபாட்டுக்காக மட்டும் வாசிக்கப்பட்டு வந்த இவை, வெளியார் கேட்கும்படி முதன்முதலாக ஹவானாவில் மேடையேறியது 1930-களில்தான். அப்படிப்பட்ட முரசு பெத்தானியா விருந்திலும் கெத்செமனே தோட்டத்திலும் ஒலிக்கும்போது, நம் மனத்தில் பழகிப்போன வெள்ளை நிறத்து இயேசுவின் படம் கலைந்து, கறுத்த மேனியும் வியர்வையுமாக வேறொருவர் அந்த இடத்தில் நிற்பதை உணர்கிறோம்.

இனி, கிருதியின் அமைப்பிலே மிகத் துணிவான காரியம் எது என்று கேட்டால், இயேசுவுக்கென்று தனிப் பாடகர் இல்லாமையே என்பேன். சில இடங்களில் அவருடைய வார்த்தைகளை ஒரு பெண் பாடுகிறாள். சில இடங்களில் ஓர் ஆண். சில இடங்களில் குழு முழுவதும் பாடுகிறது. யூதாஸும் பேதுருவும் கூட்டமும் அப்படியே குரல் விட்டுக் குரல் மாறுகிறார்கள். தவக்கால ஊர்வலத்தில் பார்க்கிறவன் யார், நடிக்கிறவன் யார், அழுகிறவன் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஊரே பாடுகளாகிவிடும் அல்லவா? அந்த நிலையைத்தான் இவர் சங்கீதத்தில் பிடித்திருக்கிறார். அதற்குள் ஒரு நியாயமும் அடங்கியிருக்கிறது. இயேசுவைப் பாடுகிற அதே குரல்கள் அடுத்த கணம் அவரைக் கொல்லச் சொல்லிக் கூவும்போது, குற்றம் எதிரே நிற்கும் வேறொரு ஜாதியின் குற்றமாக இருக்க இடமில்லை.

மாற்கு விரைந்து கதை சொல்பவர், வருணனைக்கு நிற்பதில்லை. அந்த விரைவு கோலிஹோவுக்கு நன்றாகக் கைகொடுத்தது. திருவிழாக் காலத்தில் வேண்டாம், ஜனங்கள் கலகம் செய்வார்கள் என்று ஆலயத்து அதிகாரிகள் தமக்குள் பேசிக்கொள்வதாக மாற்கு ஒரே வாக்கியத்தில் எழுதிப் போகிறார். பிரசங்கங்களில் யாரும் அதிகமாகக் கவனிக்காத வாக்கியம். கோலிஹோவ் அதை ஆட்டத் தாளத்தில் போட்டு, குழுவினர் வாயில் மறுபடி மறுபடி வரச்செய்து, அதிகாரம் ஜனங்களைக் கண்டு அஞ்சுகிற அச்சத்தைத் திருவிழாவின் கொண்டாட்டத்துக்குள்ளேயே ஒலிக்க வைத்துவிட்டார். இராணுவ ஆட்சியில் வளர்ந்தவருக்கு அந்த வாக்கியத்தின் கனம் தெரியும். பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த பரிமள தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றியதும், இந்த வீண்செலவு ஏன் என்று சீறுகிறவர்களின் கேள்வியும் அப்படியே. ‘ஏன், ஏன்’ என்ற அந்தச் சொல் தாளத்தோடு தாளமாகத் தெறித்து மேடையைச் சுற்றி வருகிறது.

இராப்போஜனத்துக்குப் பிறகு இயேசுவும் சீடரும் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் போனார்கள் என்று மாற்கு எழுதுகிறார். பாஸ்கா விருந்தில் யூதர்கள் பாடுபவை, வேதாகமத்துச் சங்கீதப் புத்தகத்தின் 113 முதல் 118 வரையிலான பாட்டுகள். ஆகவே இயேசு கடைசியாகப் பாடிய பாட்டு யூதர்கள் இன்றும் பாடும் பாட்டே என்று கொள்ளலாம். கோலிஹோவ் அந்தச் சங்கீதங்களின் நன்றி வார்த்தைகளை எடுத்து, அவற்றுக்கு மெட்டாக, அர்ஜென்டினாவின் விக்டர் ஹெரேடியா இயற்றிய ‘தொடாவியா காண்டாமோஸ்’ என்ற பாட்டின் மெட்டைக் கொடுத்தார். ‘இன்னும் பாடுகிறோம்’ என்பது அந்தத் தலைப்பின் பொருள். இராணுவ ஆட்சியில் தம் சகோதரியையே இழந்த ஹெரேடியாவின் அந்தப் பாட்டு, காணாமற்போனவர்களைத் தேடியவர்களின் பாட்டாக அந்த தேசமெங்கும் பரவியது. மரணத்தை நோக்கி எழுந்து நடக்கும் பன்னிருவரின் நன்றிப் பாட்டையும், புவெனஸ் அயர்ஸ் சதுக்கத்தில் பிள்ளைகளைத் தேடி நின்ற தாய்மார்களின் துணிவையும் ஒரே மெட்டில் வைத்தது, இந்தக் கிருதியில் நான் மிகவும் மதிக்கும் செய்கை. வாதமில்லை, விளக்கமில்லை, அந்த மெட்டைத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

மாற்கு மட்டுமே சொல்லும் சிறு சம்பவம் ஒன்று உண்டு. இயேசுவைப் பிடித்த இரவில், உடம்பில் துப்பட்டி ஒன்றை மட்டும் போர்த்திக்கொண்டு பின்தொடர்ந்த வாலிபன் ஒருவனைச் சேவகர் பிடிக்க, அவன் துப்பட்டியை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு நிர்வாணமாக ஓடிப்போகிறான். அவன் யார், ஏன் வந்தான் என்பது குறித்து வியாக்கியானக்காரர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். கோலிஹோவ் அதைப் பாட்டாக்காமல் நடனமாக்கினார்: ‘வெண்துப்பட்டி நடனம்’. இரவில் பிடிக்கப்பட்டவர்கள், பிடிபடாமல் ஓடியவர்கள் ஆகிய இரு சாராரையும் அறிந்த தேசத்தில் பிறந்தவருடைய கண் அந்த இடத்தில் நின்றது இயல்பே.

இத்தனை முரசுகளுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே, கிருதி திடீரென்று அடங்கிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. சேவல் இரண்டாம் முறை கூவுமுன் இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுரு மனமுடைந்து அழுகிறார். மத்தேயு கிருதியில் பாக் இந்த இடத்தில், தனி வயலின் விம்ம, தாழ்ந்த ஸ்தாயியில் இரக்கத்தை யாசிக்கும் ஓர் உன்னதமான பாட்டை வைத்தார். அதற்குப் பின்னே வந்த எவரும் அந்த இடத்தைத் தொடவே அஞ்ச வேண்டும். கோலிஹோவ் போட்டி போடவில்லை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவின் 19-ஆம் நூற்றாண்டுக் கவிராணி ரோஸாலியா தெ காஸ்த்ரோ, தம் தாய்மொழியில் எழுதிய ‘நிறமிழந்த நிலவு’ என்ற கவிதையை எடுத்து, உச்ச ஸ்தாயியில் ஒரு பெண் குரலுக்கு அமைத்திருக்கிறார். தந்திகள் மெதுவாக நகர்கின்றன. குரல் எட்டி எட்டிப் போய் நின்று, தனக்கு இனி இருக்க இடமில்லை என்பதுபோல அந்தரத்தில் தங்குகிறது. தாளக்காரர் அனைவரும் கைகட்டி இருக்கிறார்கள். அழுகிறவர் முரட்டு மீனவர், பாடுகிறவள் பெண், மொழி, அரசாங்க கௌரவமில்லாமல் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த மொழி. சோகத்தைப் பாடுவதென்றால் ஓலமிட வேண்டியதில்லை என்பதை இந்தச் சில நிமிஷங்கள் காட்டுவதுபோல் இக்காலத்துக் கிருதிகளில் வேறெங்கும் நான் கேட்டதில்லை.

2000 செப்டம்பர் 5-ஆம் தேதி ஸ்டுட்கார்டில் இந்தக் கிருதி அரங்கேறிய போது, பாடியவர்கள் வெனிசுவேலாவின் கராகாஸ் நகரத்து ஸ்கோலா காண்டோரும் என்ற குழுவினர்; நடத்தியவர் மரியா கினாண்ட் என்ற அம்மையார். இவரில்லாமல் இந்தக் கிருதி இந்த உருவத்தை அடைந்திருக்காது. பாடகர்கள் பாட்டேட்டைக் கையில் பிடித்து வரிசையாக நிற்பதோடு நில்லாமல், கைதட்டி, அடிவைத்து, உடம்பை அசைத்துப் பாட வேண்டியிருந்தது. தாள வாத்தியக்காரர் பலருடைய வித்தை ஸ்வரக் குறிப்பில் அடங்காமல் செவிவழியாகவே வந்த வித்தை. ஏட்டைப் பார்த்து வாசிக்கிற சாஸ்திரீய வித்துவான்களையும், ஏடே தேவைப்படாத முரசுக்காரர்களையும் ஒரே மேடையில் ஒரே மூச்சில் நடத்துவது சாமானியமான காரியமன்று. கடைசி ஸ்வரம் ஓய்ந்ததும் ஜெர்மானிய ரசிகர்கள் எழுந்து நின்று நெடுநேரம் கரகோஷம் செய்தார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் ராபர்ட் ஸ்பானோவின் தலைமையில் பாஸ்டன் நகரத்திலும் அது பாடப்பட்டு, அங்கிருந்து கோலிஹோவின் கீர்த்தி உலகமெங்கும் பரவிற்று.

இது சங்கீதமல்ல, திருவிழாக் கூத்து என்று சொன்னவர்களும் உண்டு. பல தேசத்து மெட்டுகளைத் திரட்டி வைத்தது படைப்பாகுமா என்று கேட்டவர்களும் உண்டு. பிற்காலத்தில், 2012-ல், கோலிஹோவின் வேறொரு கிருதியில் நண்பர் ஒருவருடைய இசை பெருமளவில் எடுத்தாளப்பட்டிருப்பது குறித்து அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது; அந்த நண்பரின் இசைவோடு செய்ததுதான் என்று தெரிந்தபின்னும் மனக்கசப்பு முற்றும் நீங்கவில்லை. அந்த விவாதத்தில் நியாயமான கேள்விகள் இருந்தன. ஆனால் திருப்பாடுகளின் விஷயத்தில் அந்தக் கேள்வி எடுபடாது என்று நினைக்கிறேன். பாக்கும் தம் கிருதிகளில், தேவாலயத்தில் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை மனப்பாடமாக அறிந்திருந்த கீர்த்தனைகளை எடுத்து நடுநடுவே வைத்தார். சபையின் நினைவிலுள்ள மெட்டு வரும்போது சபையே பாடுகளுக்குள் வந்துவிடுகிறது என்பதை அறிந்து செய்தார். லத்தீன் அமெரிக்காவின் சபை அறிந்த மெட்டுகள் தெருவில் இருந்தன. ஆகவே கோலிஹோவ் தெருவுக்குப் போனார். அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் துருத்தி நிற்கும் இடங்களும் கிருதியின் நடுப்பகுதியில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. விசாரணைக் காட்சிகளில் நடனத்தின்மேல் நடனமாக வந்து, ரோம தேசாதிபதி பிலாத்துவின் முன் இயேசு காத்த மௌனத்துக்குப் போதிய இடம் கொடுக்கவில்லையோ என்று தோன்றுவதுண்டு.

முடிவைப் பற்றிச் சொல்லவேண்டும். இயேசு சிலுவையில் உயிர்விடும் கணத்தில், தம்மைக் கைவிட்டது ஏன் என்று கடவுளையே கேட்டுக் கதறியதை, கிரேக்க மொழியில் எழுதிய மாற்கு, அவர் பேசிய அரமேய மொழியிலேயே எழுதி வைத்தார். தாயின் மடியில் கற்ற மொழியில் அல்லவா மனிதன் சாகிறான்? கோலிஹோவ் அந்த மொழியை அங்கேயே விட்டுவிடவில்லை. அதே அரமேய மொழியில் அமைந்த காதீஷ் என்னும் யூதப் பிரார்த்தனையைக் கிருதியின் கடைசிப் பகுதியாக வைத்தார். இறந்த தாய்தந்தையருக்காகப் பிள்ளைகள் பதினொரு மாதம் நாள்தோறும் சொல்லும் பிரார்த்தனை அது. அதில் மரணம் என்ற சொல்லே கிடையாது. கடவுளின் நாமத்தை மகிமைப்படுத்துவதன் வாயிலாகவே அது துக்கத்தை வெளிப்படுத்துகிறது. ஜெர்மானியராகிய ரீமும் தம் லூக்கா கிருதியை, நாஜிகளிடம் தம் பெற்றோரை இழந்த யூதக் கவி பால் செலானின் கவிதையோடு முடித்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர், கொலை செய்த தேசத்தின் மனச்சாட்சியாக, அந்தக் குரலை அழைத்தார். மற்றவர் மாண்டவரின் சொந்தக்காரராக வந்து நின்றார். இருவருள் கோலிஹோவின் முடிவே எனக்கு அதிக உருக்கமாயிருக்கிறது. ரோமானியர் கையில் சிலுவையேறி மாண்ட கலிலேயா யூதருக்கு, அவருடைய இனத்தார் முறைப்படி சொல்லியிருக்க வேண்டிய துக்க வார்த்தைகளை, அந்த இனத்தையே பழிகாரராக நிறுத்திவைத்த இசைவகைக்குள், அந்த இனத்தவர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

காதீஷ் தனியே சொல்லக்கூடிய பிரார்த்தனையன்று. குறைந்தது பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம் என்பது யூதர்களின் விதி. துக்கப்படுகிறவன் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் ஆமென் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஸ்டுட்கார்டில் அந்தச் செப்டம்பர் இரவில், ஒன்றரை மணி நேரம் ஆடியும் கூவியும் சிலுவையில் அறையச் சொல்லியும் பாடிய கராகாஸ் பாடகர்கள், அந்த யூதப் பிரார்த்தனைக்குச் சபையாக நின்று குரல் கொடுத்தார்கள்.